பழையது போய் இன்னொரு பழையது வந்த கதை

சென்ற இதழில் எழுதியிருந்த கூழ்வற்றல் பக்குவத்தைச் செய்து பார்த்துவிட்டுப் பல சகோதரிகள் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். இந்த முறை அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன். "காரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நீங்களும் கேட்கலாம். உண்மைதான், எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது. ஆனால் ஒரு மூட்டை அரிசி வாங்கும் முன் கையில் அள்ளிப் பார்த்து, முகர்ந்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை மட்டும் அப்படிப் பார்க்கக் கூடாதா, என்ன?

எங்களிடம் இருந்தது மாருதி 800. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி அம்மையார் முதல் சாவியைக் கொடுத்து ஆரம்பித்து வைத்த அதே வண்டி. சின்ன மூன்று சிலிண்டர் என்ஜின், 796 சி.சி. அதுவரை கார் என்றால் அம்பாஸிடர், பத்மினி, நம்ம ஸ்டாண்டர்டு என்று இருந்த நாட்டில் மாத சம்பளக்காரர்களையும் கார் ஏற வைத்த புண்ணியம் அதற்குத்தான். 2014 ஜனவரியோடு அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்களுடையது 2004-ல் பதிவானது. 2008-ல் இரண்டாவது கையாக வாங்கினோம். என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனது அதில்தான். சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போனதும் அதில்தான். (ஆறாவது வாரம் முடிந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் வீடு அமைந்தது, அது வேறு கதை!)

வண்டிக்கு வயசாகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மழை பெய்தால் காலடியில் ஈரம். கண்ணாடியை ஏற்ற ஒரு கை சுற்ற, இன்னொரு கை பிடித்துக் கொடுக்க வேண்டும். "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்பார் என் கணவர். அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரீ-ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. ரிப்பேர் செய்தே பழகிய கை. ஒரு பொருளை வேண்டாம் என்று ஒதுக்க அவருக்கு மனசே வராது.

2024 மே மாதம், ஒரு ராத்திரி பதினொரு மணி. என் மாமியாருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வார்த்தை குழறியது. நாங்கள் இதயக் கோளாறு என்றே பயந்துவிட்டோம். அப்படியே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினோம். கவரைப்பேட்டை தாண்டி, தச்சூர் கூட்டுரோடு வருவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. சூடு முள் உச்சியில். வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் லாரிகள் சர் சர்ரென்று போகின்றன. அத்தை தலை என் தோளில். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை.

ஒரு டாடா ஏஸ் வண்டிக்காரத் தம்பி நிறுத்தினார். அத்தையைப் பார்த்ததும், "சுகர் இருக்காம்மா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆகும், இனிப்பு ஏதாவது குடுங்க" என்றார். அவரிடம் இருந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அத்தை, "ஏம்மா, வீட்டைப் பூட்டினியா?" என்று கேட்டுவிட்டார்! சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று அரை இட்லியோடு படுத்ததன் விளைவு. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் இப்படித்தான் வியர்வையும் நடுக்கமும் வருமாம். நினைவோடு இருப்பவர்களுக்கு உடனே சர்க்கரைத் தண்ணீரோ ஜூஸோ கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரைவிட இது முக்கியம்.

மறுநாள் மெக்கானிக் வண்டியைத் தூக்கி வைத்து, திருப்புளியால் அடித்தளத்தை ஒரு குத்து குத்தினார். திருப்புளி உள்ளே போய்விட்டது. உப்புக் காற்றும் மில் தூசியும் இருபது வருஷமாகத் தின்ற தகடு. "அண்ணி, என்ஜினைக் கூட சரி பண்ணிடலாம். தரையே இல்லாத வண்டிக்கு என்ன பண்றது?" என்றார். இன்னொரு கணக்கும் இருந்தது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் நாங்கள் புதுப்பித்தபோது மத்திய அரசு கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. எங்களுக்கு ஆகஸ்டில் தவணை முடிகிறது. என் கணவர் அன்று சாயந்திரம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "சரி, பார்க்கலாம்" என்றார்.

புது வண்டி என்ற பேச்சே எழவில்லை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். கையில் இருந்தது நான் ஐந்து வருஷமாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம், அவருடைய போனஸில் மிச்சம் ஐம்பதாயிரம், அத்தை தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பன்னிரண்டாயிரம். அந்தச் சீட்டுப் பணத்தை மகள் கல்யாணத்துக்கு என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஏமாந்தால் இன்னொரு ஐந்து வருஷம் ஏது? அதனால்தான் நானும் கூட வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

முதலில் வந்தது ஒரு லான்ஸர். என் கணவரின் சிநேகிதர் கொண்டு வந்த தகவல். திருவள்ளூர் பக்கம் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ்காரர்கள் ஜப்பான் மிட்ஸுபிஷியோடு சேர்ந்து 1998-லிருந்து தயாரித்தார்களே, அந்த வண்டி. "நம்ம மாவட்டத்துலேயே செஞ்ச காருங்க!" என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. விலையும் கொள்ளை மலிவு. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் அந்த வண்டி வருவது நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஒரு விளக்கு உடைந்தாலும் புதுப்பேட்டையில் போய்த் தேட வேண்டும். எங்கள் மெக்கானிக், "யானையை வாங்கலாம் அண்ணி, அங்குசத்தை எங்க போய் வாங்கறது?" என்றார். அதோடு அது முடிந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், உங்கள் தெரு மெக்கானிக்குக் கைப்பழக்கம் உள்ள வண்டியையே பாருங்கள். உதிரி பாகம் பக்கத்து ஊரில் கிடைக்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அங்கே பதிவான வண்டிகள் பத்து, இருபதாயிரம் குறைவாக வரும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கத்திய ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். அப்புறம் தமிழ்நாட்டுச் சாலை வரியைத் திரும்பக் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவு மாயமாகிவிடும்.

மூன்றாவதாகப் பார்த்த வண்டியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னைப் புறநகரில் ஒரு பழைய கார் கடை. பேர் வேண்டாம். 2018 மாடல், வெள்ளை நிறம், ஏ.சி., பாட்டு, பின்னால் பார்க்கும் காமிரா வரை இருந்தது. மற்ற இடத்தைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் குறைவாகச் சொன்னார்கள். என் கணவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை! அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டுவிட்டார். நான் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். கதவைத் திறந்ததுமே செண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. சரி என்று கண்ணாடியையெல்லாம் ஏற்றச் சொல்லி, ஐந்து நிமிஷம் உள்ளேயே இருந்தேன். அந்த வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக வந்தது. ஐப்பசியில் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அந்தப் புழுக்க நாற்றம்.

வேளச்சேரியில் இருக்கும் என் தம்பியின் கார் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகியது. அவன் முன்னமே சொல்லி வைத்திருந்தான்: "அக்கா, சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாரு. வெளியில தெரியற துணியை மட்டும்தான் கழுவுவாங்க." இழுத்தேன். வர வர, கடைசி முக்கால் முழத்தில் ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் நின்ற மட்டம்! முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். தண்டவாளம் போன்ற கம்பியும் அதன் நட்டும் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தன. ஆறு வருஷ வண்டிக்கு உள்ளே ஏன் துரு வர வேண்டும்? பின்னால் ஸ்டெப்னி டயரை எடுக்கச் சொன்னேன். கடைக்காரர், "எதுக்கு மேடம் சிரமம்?" என்றார். நானே மகளை விட்டு எடுக்க வைத்தேன். குழியின் மூலையில் மைதா மாவு போல நைசான காய்ந்த சேறு.

"வாட்டர் வாஷ் பண்ணதுங்க" என்றார் அவர். வாட்டர் வாஷில் சேறா வரும்?

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் எத்தனை வண்டிகள் முழுகின என்று நாம் பார்த்ததுதானே. இப்படி முழுகிய வண்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்குத் தீர்த்த பிறகு, அது ஏலத்தில் போகும். வாங்கியவர் சுத்தம் செய்து, சீட் உறை மாற்றி, செண்ட் அடித்துச் சந்தைக்குக் கொண்டு வருவதும் உண்டு. சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் கொடுமை. இக்காலத்து வண்டியில் நரம்பு மாதிரி ஒயர்கள் ஓடுகின்றன. மூளை போல ஒரு பெட்டி, மோதினால் விரியும் காற்றுப் பைக்கு ஒரு பெட்டி என்று இருக்கின்றன. அவற்றின் முனையில் தண்ணீர் பட்டால் அன்றைக்கே கெடாது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பாசி பூத்து, ஓடும் ரோட்டில் கையை விரிக்கும். எனக்குத் தச்சூர் ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் வேண்டாம் என்று சொன்ன விதம் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. கடைக்காரர் எதிரிலேயே, "உங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று கணவரைக் கேட்டுவிட்டேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினோம். எண்ணூர் போயிற்று, மீஞ்சூர் போயிற்று, மனிதர் வாயே திறக்கவில்லை. பொன்னேரியில் முறுக்குக்காரர் வந்தபோது ஒரு பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார். அதுதான் சமாதானம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த வாரம் பக்கத்து நகரிலேயே ஒரு ஆல்டோ வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. நம்பரைக் கூட்டினால் எட்டு. "எட்டு வேணாம்" என்று நானே தட்டிக் கழித்தேன். எதிர்வீட்டு அம்மா அதை வாங்கி, இன்றைக்கும் ஒரு தொந்தரவில்லாமல் திருத்தணி, காளஹஸ்தி என்று போய் வருகிறார். போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்!

கடைசியில் அமைந்தது திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வாகன்-ஆர். 2013 நவம்பர் பதிவு. 48,000 கிலோமீட்டர். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனோம், மெக்கானிக்கும் கூட வந்தார். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தோம். அந்தக் கூலியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முன்தினமே போன் செய்து, "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று கேட்டிருந்தோம். சூடான என்ஜின் தன் நோயை மறைத்துவிடும். போனதும் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ஒரே சாவியில் எடுத்தது. பின்னால் நீலப் புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டுமாம். அப்படி இல்லை.

கிலோமீட்டர் முள்ளைத் திருப்பி வைக்கும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அதை முள்ளில் பார்க்கக் கூடாது, பிரேக் பெடலின் ரப்பரில் பார்க்க வேண்டும். நாற்பதாயிரம் ஓடியது என்று சொல்லும் வண்டியில் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். இவரிடம் ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியாக நூல் கோத்து இருந்தது. வாத்தியார் அல்லவா! டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019-ம் வருஷம் 22-வது வாரம் செய்தது. மசாலா பாக்கெட்டில் தேதி பார்க்கிற மாதிரிதான். நாலு டயரும் ஐந்து வருஷப் பழசு என்று நான் காட்டியதும் ஆசிரியர் சிரித்துவிட்டு, 2,25,000 சொன்னதை 2,08,000-க்கு இறக்கினார்.

அத்தையையும் அழைத்துப் போயிருந்தோம். அது என் யோசனை. மாருதி 800-ல் முழங்கால் மடங்கிப் பள்ளத்தில் இறங்குவது போல உட்கார வேண்டும், எழுந்திருக்கும்போது "முருகா" என்பார். இதில் சீட்டு நாற்காலி உயரம். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொன்னேன். முழங்கால் வலிக்காரர்கள் எல்லா வண்டியிலும் இப்படித்தான் ஏற வேண்டும். உட்கார்ந்தவர், "இறங்கணுமா இப்ப?" என்று கேட்டார். என் கணவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் பேர் இன்னும் இருந்தது. கடன் அடைந்து பல வருஷமாகியும் பேரை நீக்கவில்லை. அதற்கு வங்கியின் சான்றும் ஃபாரம் 35-ம் வேண்டும். பத்தாயிரம் மட்டும் எழுத்து மூலமாக அட்வான்ஸ் கொடுத்துக் காத்திருந்தோம். ஆடி பிறந்தால் வண்டி எடுக்கக் கூடாது என்று அத்தை பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஆடிக்கு மூன்று நாள் இருக்கும்போது காகிதம் வந்து சேர்ந்தது!

பேர் மாற்றும் விஷயத்தில் நாங்கள் ஒருமுறை சூடு பட்டவர்கள். 2012-ல் பழைய மோட்டார் சைக்கிளைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்று, ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனோம். நாலு வருஷம் கழித்து, விபத்து என்று எங்கள் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்தது. வண்டி மூன்று கை மாறியிருந்தது, பேர் மட்டும் எங்களுடையது. எங்கள் நல்ல நேரம், அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கார் எத்தனை கை மாறினாலும், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. அதனால் விற்கிறவர்களும் கவனம்! ஃபாரம் 29, 30 இரண்டும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு லாபம் பலருக்குத் தெரிவதில்லை. க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி வண்டிக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். பழைய கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் அடுத்த வண்டிக்கு அது வரும். எங்களுக்கு அதில் ஆயிரத்து எழுநூறு ரூபாய் மிச்சம்.

மாருதி மட்டும் வாசலில் நின்றது. காயலான்கடைக்காரர் 22,000 தருகிறேன், காகிதம் எதுவும் வேண்டாம் என்றார். காகிதம் வேண்டாம் என்றதுதான் எனக்கு இடித்தது. அதே நம்பர், அதே ஆர்.சி. எங்காவது வேறு வண்டியில் ஒட்டிக்கொண்டு ஓடினால்? 2021-ல் வந்த விதிப்படி அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்தோம். 18,000 தான். ஆனால் வண்டியை ஒப்படைத்ததற்குச் சான்று கொடுத்தார்கள், பதிவும் ரத்தானது. நாலாயிரம் நஷ்டம் என்று என் கணவர் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

எடுத்துப் போக வண்டி வந்த அன்று அவர் லீவு போட்டுவிட்டார். காரணம் சொல்லவில்லை. காலையில் எழுந்து, குப்பைக்குப் போகிற காரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "எதுக்குங்க?" என்றேன். "எங்க மில்லுக்கு வர்ற இரும்பெல்லாம் இப்படித்தான் அமுக்கி, கட்டா கட்டி வரும். உருக்கிக் கம்பியாக்கிடுவாங்க. நாளைக்கு இதுவே எங்க கைக்கு வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது" என்றார். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். புது வண்டிக்கு அந்த ஜாக்கி பொருந்தாது. பரணில்தான் இருக்கிறது, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில்.